நெட்டு வரலையா, சைட் திறக்கலையா, எழுத்து உடையுதா: கோளாறைப் பார்த்துப் பெயர் சொல்ல ஒரு வழிமுறை

“அண்ணாச்சி, நெட்டு வர மாட்டேங்கு, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க.” மேலப்பாளையத்திலிருந்து வந்தாலும் வள்ளியூரிலிருந்து வந்தாலும் போனில் வரும் வாக்கியம் இதுதான். ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்குள் பத்துப் பன்னிரண்டு வேறு வேறு கோளாறு ஒளிந்திருக்கிறது. அடாப்டர் செத்திருக்கலாம், போஸ்ட்டில் ஃபைபர் அறுந்திருக்கலாம், ரீசார்ஜ் முடிந்திருக்கலாம், இல்லை நெட்டெல்லாம் நன்றாக இருந்து நீங்கள் பார்க்க நினைத்த அந்த ஒரு சைட் மட்டும் படுத்திருக்கலாம். எந்தப் பாகம், அதன் பெயர் என்ன என்று நீங்கள் சொல்லிவிட்டால் வருகிற ஆள் எதைக் கையில் எடுத்துக்கொண்டு வருவது என்று அப்போதே முடிவு செய்துவிடுவார், பாதி நேரம் அவர் வரவே வேண்டியிருக்காது. அதனால் இங்கே பெயர்களை அகராதி மாதிரி அடுக்கவில்லை. உங்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன், பெயர் தானாகப் பின்னால் வரும்.

“நெட்டு வர மாட்டேங்கு”

முதலில் சுவரில் இருக்கும் பெட்டியைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். ஃபைபர் கனெக்‌ஷன் வைத்திருப்பவர்கள் மோடம் என்று சொல்லும் அந்தப் பெட்டியைக் கம்பெனிக்காரர்கள் ஓஎன்டி அல்லது ஓஎன்யு என்பார்கள். குழம்ப வேண்டாம், உங்கள் மோடத்தைத்தான் சொல்கிறார்கள். கண்ணாடி இழை வழியாக ஒளியாக வருவதைக் கருவிகளுக்குப் புரியும் சிக்னலாக மாற்றுவது அதன் வேலை. அப்படி வந்த நெட்டை வீட்டில் இருக்கும் நாலு போன், ஒரு டிவி, ஒரு லேப்டாப் எல்லாவற்றுக்கும் பங்கு வைத்துக் கொடுப்பது ரவுட்டர். இப்போது பெரும்பாலும் இரண்டும் ஒரே பெட்டிக்குள் வந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் தனித்தனியாக இருந்தால் இரண்டிலும் லைட் பார்க்க வேண்டும்.

ஒரு லைட்டும் எரியவில்லை என்றால் நெட் கம்பெனிக்குப் போன் போடாதீர்கள், இது கரண்ட் விஷயம். வேறு பிளக்கில் மாட்டிப் பாருங்கள், அப்படியும் வரவில்லை என்றால் பெரும்பாலும் அடாப்டர்தான். அடாப்டரின் முதுகில் அவுட்புட் என்று பொடி எழுத்தில் இருக்கும், பல பெட்டிகளுக்கு 12 வோல்ட். புதிதாக வாங்கும்போது வோல்ட் அப்படியே ஒத்துப்போக வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. பழைய செட்டாப் பாக்ஸ் அடாப்டர் பின் சரியாகப் பொருந்துகிறதே என்று மாட்டிவிடுகிறார்கள், வோல்ட் கூடுதலாக இருந்தால் பெட்டியே போய்விடும். நனைந்த அடாப்டரைச் சொருகிப் பார்க்கவே கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய மாதிரி வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டால், அடாப்டரை மாற்றிவிடுவதுதான் உயிருக்கும் வீட்டுக்கும் நல்லது, அதன் விலை சில நூறு ரூபாய்தான்.

பவர் லைட் எரிகிறது, ஆனால் எல்ஓஎஸ் என்று எழுதிய லைட் சிவப்பாக மினுங்குகிறது. இதை நம் பக்கத்து ஆட்கள் “சிவப்பு லைட்டு எரியுது” என்பார்கள், ரொம்பச் சரியான தகவல் அது. உங்கள் பெட்டிக்கு ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். ஆனி ஆடிக் காற்றில் தென்னை மட்டையோ மரக்கிளையோ விழுந்து இபி போஸ்ட்டில் போகும் ஃபைபர் அறுந்திருக்கலாம், கம்பிமேல் உரசிக்கொண்டே இருந்து தேய்ந்திருக்கலாம், லாரி மேலே இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்றே ஒன்று: பெட்டியின் அடியில் மெல்லிய மஞ்சள் வயர் ஒன்று, பச்சை முனையோடு, சொருகி இருக்கும். அது முழுசாக உள்ளே இருக்கிறதா, பீரோவுக்குப் பின்னால் நசுங்கியிருக்கிறதா, சட்டென்று மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். செம்புக் கம்பியை மடித்தால் ஒன்றும் ஆகாது, கண்ணாடி இழையைக் கூர்மையாக மடித்தால் ஒளி அந்த வளைவிலேயே வெளியே கசிந்துவிடும், உடையாமலே சிக்னல் போய்விடும். விரலளவு வட்டமாகச் சுற்றாமல் பெரிய வளையமாக விடுங்கள். ஒரு எச்சரிக்கை: அந்த முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே வைத்து “வெளிச்சம் வருதா” என்று பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத வகை, தெரியாமலே கண்ணைக் கெடுக்கும். ஃபைபர் அறுந்திருந்தால் முறுக்கி டேப் ஒட்டுவதும் நடக்காது, ஸ்ப்ளைசிங் மெஷின் வைத்து உருக்கி ஒட்ட வேண்டும். லைன்மேனிடம் “எல்ஓஎஸ் சிவப்பு” என்று சொன்னால் அந்த மெஷினோடு வருவார்.

பான் (PON) என்று எழுதிய லைட் பச்சையாக நிற்கிறது, இன்டர்நெட் லைட் மட்டும் எரியவில்லை அல்லது சிவப்பாக இருக்கிறது. அப்படியென்றால் லைன் நன்றாக இருக்கிறது, உங்கள் பெட்டி கம்பெனிக்குள் லாகின் ஆக முடியவில்லை. ரீசார்ஜ் தேதியைப் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே முடிந்துவிடும். பணம் கட்டியும் வரவில்லை என்றால் பெட்டிக்குள் இருக்கும் பிபிபிஓஇ (கம்பெனிக்குள் லாகின் ஆகும் முறை) யூசர்நேம், பாஸ்வேர்டில் பிரச்சினை, கம்பெனி ஆள்தான் பார்க்க வேண்டும். இங்கே ஒரு காரியத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவு ஓட்டை ஒன்று இருக்கும், பக்கத்தில் ரீசெட் என்று எழுதியிருக்கும். அதில் குண்டூசியை விட்டு அமுக்கினால் ரீஸ்டார்ட் ஆவது போலத்தான் தெரியும், ஆனால் உள்ளே எழுதி வைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு, வைஃபை பெயர் எல்லாம் அழிந்து கடையில் வாங்கின நாளின் நிலைக்குப் போய்விடும். ரீஸ்டார்ட் என்பது சுவிட்சை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுவது. ரீசெட் என்பது எல்லாவற்றையும் துடைப்பது. போனில் கஸ்டமர் கேர்க்காரர் “ரீஸ்டார்ட் பண்ணுங்க” என்று சொல்ல, இங்கே ரீசெட் பண்ணி, காலையில் சரியாகியிருக்க வேண்டியது மறுநாள் வரை இழுத்த வீடுகள் நிறைய.

“வைஃபை கனெக்ட் ஆயிருக்கு, ஆனா ஒண்ணும் ஓடலை”

பெட்டியில் எல்லா லைட்டும் பச்சை, போனில் வைஃபை குறியும் முழுசாக இருக்கிறது, பக்கத்தில் சின்னதாக ஓர் ஆச்சரியக்குறி அல்லது “நோ இன்டர்நெட்” என்று வருகிறது. வைஃபையும் இன்டர்நெட்டும் ஒன்று என்று நினைப்பதால் இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே இருக்கும் அந்த நாலு சுவர் தூரம் மட்டும்தான் வைஃபை. கன்னடியன் கால்வாயிலிருந்து உங்கள் வயலுக்கு வரும் மடை நன்றாக வெட்டி இருக்கலாம், கால்வாயில் தண்ணீர் விடவில்லை என்றால் மடையை எவ்வளவு தூர்வாரினாலும் வயல் நனையாது. முழு வைஃபை கோடு சொல்வது மடை நன்றாக இருக்கிறது என்பதை மட்டும்தான்.

இதில் சுருக்கமாகப் பிரிக்க ஒரு வழி: வீட்டில் இன்னொரு போனில் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் ரவுட்டரோ லைனோ. அதில் வருகிறது, இதில் மட்டும் வரவில்லை என்றால் உங்கள் போன் அல்லது லேப்டாப்பில்தான் சிக்கல், அந்த வைஃபை பெயரை “ஃபர்கெட்” கொடுத்து அழித்துவிட்டு மறுபடி பாஸ்வேர்டு போட்டுச் சேருங்கள்.

லேப்டாப்பில் ஐபி அட்ரஸ் பார்க்கத் தெரிந்தால் இன்னும் தெளிவாகும். வைஃபை செட்டிங்கில் அந்தக் கனெக்‌ஷனின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் நான்கு எண் புள்ளி வைத்து வரும். வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் கொடுக்கும் எண் அது. பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் எண்ணே கொடுக்கவில்லை, லேப்டாப் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று புரிந்துகொள்ளலாம். எண் கொடுக்கும் அந்த வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். ரவுட்டரை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

192.168 வந்திருக்கிறது, ஆனாலும் சைட் எதுவும் திறக்கவில்லை என்றால் விண்டோஸில் கட்டளை அடிக்கும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு 8.8.8.8 என்று கொடுங்கள். நான்கு வரி “ரிப்ளை” வந்தால் இன்டர்நெட் வருகிறது! அப்புறம் ஏன் சைட் திறக்கவில்லை? நாம் அடிப்பது சைட்டின் பெயர், கம்ப்யூட்டருக்கு வேண்டியது எண், பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் சேவை டிஎன்எஸ். அது மட்டும் நின்றிருக்கிறது. நெட்வொர்க் செட்டிங்கில் டிஎன்எஸ் இடத்தில் கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 போட்டால் வழி திறந்துவிடும். போனில் இதே கோளாறு என்றால் செட்டிங்கில் “பிரைவேட் டிஎன்எஸ்” என்று தேடுங்கள், யாரோ விளம்பரத்தை நிறுத்த எதையோ அதில் எழுதி வைத்திருப்பார்கள், அதை ஆட்டோமேட்டிக்கில் விட்டுவிடுங்கள்.

“நூறு ஸ்பீடுன்னு சொன்னாவ, பன்னெண்டுதான் வருது”

ஏமாற்றவில்லை, அளவுதான் வேறு. பிளானில் சொல்வது எம்பிபிஎஸ், அதில் முதல் பி என்பது பிட். டவுன்லோடு ஆகும்போது திரையில் காட்டுவது பெரும்பாலும் பைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், அதனால் 100 எம்பிபிஎஸ் லைனில் ஒரு ஃபைல் இறங்கும்போது நொடிக்கு 12.5 எம்பி என்று காட்டினால் அது முழு வேகம்.

நிஜமாகவே குறைவு என்றால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று வைஃபை. ரவுட்டர் இரண்டு பேண்டில் அனுப்பும், 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், சுவரைத் தாண்டத் திணறும். நெல்லை டவுன் ரத வீதிப் பக்கமும் கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத்திலும் இருக்கிற பழைய வீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளம், நடுவில் கனமான சுவர், வாசல் பக்கம் ரவுட்டரை வைத்துவிட்டு அடுக்களையில் 5 கிகாஹெர்ட்ஸை எதிர்பார்த்தால் கிடைக்காது. ரவுட்டரை நடு வீட்டுக்கு, கொஞ்சம் உயரத்துக்கு நகர்த்துவதுதான் முதல் மருந்து, புது பிளான் அல்ல. ரவுட்டர் பக்கத்திலேயே நின்று ஸ்பீடு டெஸ்ட் போட்டு, அங்கே முழுசாக வந்தால் குற்றம் வீட்டுச் சுவரின்மேல்.

இன்னொன்று எஃப்யுபி. பிளானில் சொன்ன டேட்டா தீர்ந்தபின் நெட் நிற்காது, வேகம் மட்டும் விழும். மொபைல் பிளான்களில் 64 கேபிபிஎஸ் வரை இறக்கிவிடுவது உண்டு. அதாவது நொடிக்கு 8 கேபி. அந்த வேகத்தில் 5 எம்பி போட்டோ ஒன்று போக பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். வாட்ஸ்அப் எழுத்து போகிறது, படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வீடியோ காலில் அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கிறது, நாம் பேசுவது அவர்களுக்கு வெட்டி வெட்டிப் போகிறது என்றால் டவுன்லோடு நன்றாக இருக்கிறது, அப்லோடு போதவில்லை. ஆன்லைன் இன்டர்வியூவுக்கு உட்காரும் பிள்ளைகள் ஸ்பீடு டெஸ்ட்டில் இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

மொபைல் டேட்டாவில் ஒரு தனி அறிகுறி: யாராவது போன் பண்ணினால் நெட் நின்றுவிடுகிறது. வோல்டிஇ என்பது 4ஜியிலேயே பேசும் வசதி. அது அணைந்திருந்தால் போன் பேசுவதற்காகப் பழைய நெட்வொர்க்குக்கு இறங்கும், டேட்டா நின்றுவிடும் அல்லது தவழும். செட்டிங்கில் போட்டுவிடுங்கள். இரண்டு சிம் போட்டு ஒன்றில் நெட், இன்னொன்றில் பேச்சு என்று வைத்திருந்தாலும் இது நடக்கலாம். மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும்போது கோடு குறைந்து 4ஜி என்பது ‘இ’ என்று மாறினால் அது 2ஜி, அதில் பேசலாம், படம் பார்க்க முடியாது, போனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

“எல்லாம் வருது, இந்த ஒரு சைட் மட்டும் திறக்கலை”

அப்படியென்றால் மோடத்தைத் தொடாதீர்கள். பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலையில் மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் ஒரே சர்வரைத் தட்டுவார்கள். சர்வர் என்பது அந்த சைட்டை வைத்துக்கொண்டு கேட்பவருக்கெல்லாம் அனுப்பும் கம்ப்யூட்டர், அதற்கும் ஒரு தாங்கும் அளவு உண்டு. 503 என்று எண் வந்தால் சர்வர் திணறுகிறது, பொறுத்துப் பாருங்கள். 404 என்றால் சர்வர் நன்றாக இருக்கிறது, அந்தப் பக்கம்தான் அங்கே இல்லை, முகவரியில் எழுத்து பிசகியிருக்கும் அல்லது பக்கத்தை எடுத்திருப்பார்கள்.

நேற்று மாற்றிய தகவல் இன்று தெரியவில்லை, பழையதே வருகிறது என்றால் கேச். வேகத்துக்காக பிரௌசர் பழைய பக்கத்தைத் தன்னிடம் வைத்திருக்கும். பிரௌசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் அதே சைட்டைத் திறந்து பாருங்கள், அங்கே சரியாக வந்தால் கேச்சை அழித்துவிடலாம். கூடவே குக்கீயையும் அழித்தால் எல்லா சைட்டிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டி வரும், பாஸ்வேர்டு நினைவில்லாதவர்கள் அதை மட்டும் டிக் எடுத்துவிடுங்கள்.

பழைய கம்ப்யூட்டரில் அடிக்கடி வரும் ஒன்று: எந்த சைட்டைத் திறந்தாலும் “யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்” என்று பயமுறுத்தும். வைரஸ் என்று நினைத்து ஃபார்மேட் போடக் கிளம்பிவிடுவார்கள். திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். ஏழெட்டு வருஷம் பின்னால் நிற்கும். ஒவ்வொரு பாதுகாப்பான சைட்டுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று. உங்கள் கம்ப்யூட்டரின் தேதி அதற்கு வெளியே இருந்தால் பிரௌசர் நம்ப மறுக்கும். தேதியைத் திருத்தினால் உடனே திறக்கும். மறுநாள் போட்டால் மறுபடி பின்னால் போய்விடுகிறது என்றால் மதர்போர்டில் ரூபாய் நாணயம் போல் பளபளவென்று ஒரு பேட்டரி இருக்கும், அதன்மேல் 2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட், அது தீர்ந்துவிட்டது. கரண்ட் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓரத்தில் இருக்கும் கொக்கியை நகத்தால் தள்ளினால் துள்ளி மேலே வரும், எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதிதை வைத்து அமுக்குங்கள். தேதி சரியாக இருந்தும் அந்த எச்சரிக்கை ஒரு சைட்டில் மட்டும் வந்தால் அங்கே பாஸ்வேர்டோ கார்டு எண்ணோ போட வேண்டாம்.

“சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, போட்டோவெல்லாம் அழிச்சும் சரியாகலை”

போட்டோ இருப்பது ஸ்டோரேஜில். வேகம் குறைவது பல நேரம் ரேம் போதாமல். ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள் மட்டும் இருக்கும் இடம் ரேம், அணைத்தால் காலியாகிவிடும். அணைத்தாலும் இருப்பது ஸ்டோரேஜ். ஸ்டோரேஜில் அழித்து ரேமைக் காலி செய்ய முடியாது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி என்ற பத்தி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதா, ரேம் கூட்டுங்கள் அல்லது திறந்து வைத்த டேப்களை மூடுங்கள். மெமரி குறைவாக இருந்து டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா, உள்ளே இருப்பது சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்காக இருக்கும். எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத ஸ்டோரேஜ்) மாற்றினால் அதே பழைய கம்ப்யூட்டர் நம்ப முடியாத அளவு மாறும், புதிது வாங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தினமும் ஷட்டவுன் செய்கிறேனே என்பார்கள். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது, ஷட்டவுன் செய்தாலும் சிஸ்டத்தின் உள்பகுதியை அப்படியே டிஸ்க்கில் பத்திரப்படுத்தி மறுநாள் எடுத்துக்கொள்ளும். முழுசாகப் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான். வாரத்துக்கு ஒரு முறை அதைக் கொடுங்கள். 512 ஜிபி வாங்கி 476 காட்டுவதும் கோளாறு அல்ல, கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ஆல் எண்ணுகிறது. போன் பெட்டியில் 4+4 ஜிபி ரேம் என்று போட்டிருந்தால் இரண்டாவது நாலு ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்குவது, நிஜ ரேமின் வேகம் அதற்குக் கிடையாது.

“ஃபைலை ஏத்த மாட்டேங்கு”, “பத்திரிகை வந்துச்சு, திறக்கலை”

ஃபைலின் பெயருக்கு இறுதியில் புள்ளி வைத்து வரும் மூன்று நாலு எழுத்து எக்ஸ்டென்ஷன். இது ஜேபிஜி என்றால் படம், பிடிஎஃப் என்றால் ஆவணம். படிவம் பிடிஎஃப் கேட்கும் இடத்தில் ஜேபிஜியின் பெயரை மாற்றிப் பிடிஎஃப் என்று எழுதினால் உள்ளே இருப்பது மாறாது, படிவம் ஏற்காது. போனிலேயே பிரிண்ட் கொடுத்து “சேவ் ஆஸ் பிடிஎஃப்” தேர்ந்தெடுங்கள். அளவும் பாருங்கள், 50 கேபிக்குள் போட்டோ கேட்கும் படிவத்தில் போன் கேமராவில் எடுத்த 4 எம்பி படம், அதாவது ஏறத்தாழ எண்பது மடங்கு பெரியது, எப்படி ஏறும்? முகத்தை மட்டும் கிராப் செய்து, ரீசைஸ் செய்து கொடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அதுவே குறைத்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் அளவு குறையாது. சர்டிஃபிகேட் அனுப்பும்போது டாக்குமென்ட்டாகவே அனுப்புங்கள், எழுத்து மங்காது.

இப்போது எக்ஸ்டென்ஷனை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு வருகிறேன். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல் வரும், அல்லது வண்டிக்கு அபராதம் என்று வரும். பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருக்கும். பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும், வீடியோவாகக்கூட வரும், ஒருநாளும் ஏபிகேயாக வராது. ஏபிகே என்பது ஆண்ட்ராய்டில் நிறுவும் ஆப். அதைத் தொட்டு, “அன்நோன் சோர்ஸ்” அனுமதியும் கொடுத்து, எஸ்எம்எஸ் படிக்கவும் அனுமதி கொடுத்தால் உங்களுக்கு வரும் ஓடிபி எல்லாம் வேறு எங்கோ இருப்பவனுக்கும் போகும். அப்புறம் பேங்கில் நிற்க என்ன இருக்கிறது? அனுப்பியவர் மைத்துனராகவே இருந்தாலும் போன் போட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் போனும் இப்படித்தான் மாட்டியிருக்கும்.

திறந்துவிட்டீர்கள் என்றால் முதலில் ஏரோபிளேன் மோடு போட்டு வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறு போனிலிருந்து பேங்குக்குப் பேசி அக்கவுண்டை நிறுத்தச் சொல்லுங்கள், எண்ணைப் பாஸ்புக்கிலோ கார்டின் பின்புறத்திலோ இருந்து எடுங்கள். கூகுளில் தேடி வரும் கஸ்டமர் கேர் எண்ணை நம்பக் கூடாது, போலி எண்ணை யாரும் அங்கே ஏற்றலாம். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே 1930. தேசிய சைபர் கிரைம் உதவி எண் அது, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ பணம் அடுத்த கைக்குப் போகுமுன் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

“இன்று இரவு கரண்ட் துண்டிக்கப்படும்” என்று லிங்க்கோடு வரும் எஸ்எம்எஸ்ஸும் இதே குடும்பம்தான். லிங்க்கின் முகவரியை இப்படிப் படியுங்கள்: தொடக்கத்தில் இருக்கும் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு, அடுத்த ஒற்றைச் சாய்கோடு வரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் வலது ஓரத்தைப் பாருங்கள். அதுதான் டொமைன், வீட்டுக்காரர் யார் என்று சொல்வது. அரசு சைட் என்றால் அந்த ஓரத்தில் பெரும்பாலும் ஜிஓவி டாட் இன் அல்லது என்ஐசி டாட் இன் என்று முடியும். அந்த எழுத்துகளே நடுவில் வந்து ஓரத்தில் வேறு ஏதாவது இருந்தால் போலி. பூட்டுக் குறி இருக்கிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள், போலிக்காரனும் பூட்டு வாங்கலாம்.

“தமிழ் எழுத்து குப்பையா வருது”

ஒரே புகாராகச் சொல்வார்கள், உள்ளே மூன்று வெவ்வேறு நோய்.

கலெக்டர் ஆபீஸ் பக்கம் டைப் அடித்து வாங்கிய மனுவை வீட்டில் திறந்தால் தமிழே இல்லாமல் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கமாவுமாக வருகிறது. இது பாமினி, வானவில் அவ்வையார் மாதிரிப் பழைய ஃபான்ட்டில் அடித்தது. அந்த ஃபான்ட்டுகள் ஆங்கில எழுத்தின் எண்ணையே வைத்துக்கொண்டு, அதன்மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டும். ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எண்கள்தான், அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் முகமூடி கழன்றுவிடும். எழுத்தை முழுதும் தேர்ந்தெடுத்து ஃபான்ட் பெயரை மாற்றினால் போதாது. அந்த ஃபான்ட்டையே நிறுவ வேண்டும், அல்லது கன்வெர்ட்டரில் போட்டு யுனிகோடாக, அதாவது தமிழ் எழுத்துக்கென்றே தனி எண் உள்ள முறைக்கு, மாற்ற வேண்டும். மாற்றும்போது எந்த ஃபான்ட் என்று சரியாகச் சொல்ல வேண்டும், பாமினியை வானவில் என்று கொடுத்தால் வேறு ஒரு குப்பை வரும். டைப் அடிக்கும் கடையில் கேட்க வேண்டியது இதுதான்: “யுனிகோடுல அடிச்சுத் தாங்க, கூட ஒரு பிடிஎஃப்பும் தாங்க.” பிடிஎஃப்புக்குள் ஃபான்ட்டும் சேர்ந்தே போவதால் எங்கே திறந்தாலும் உடையாது. 2010-லேயே தமிழ்நாடு அரசு யுனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டாகிவிட்டது, இன்றும் பழைய ஃபான்ட்டில் அடித்துக் கொடுப்பது ஒரு வழக்கமாக நிற்கிறது. அதில் அடித்ததைக் கூகுளில் தேட முடியாது, ஃபைலுக்குள் ஒரு பெயரைத் தமிழில் தேடினாலும் கிடைக்காது, பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் ஆப்பாலும் படிக்க முடியாது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு, ஊரில் இத்தனை வருஷம் அடித்துச் சேர்த்த மனுவும் மலரும் தலவரலாறும் தேடிக் கிடைக்காத நிலையில் கிடக்கிறது.

எழுத்துக்குப் பதில் வெறும் சதுரக் கட்டம் வரிசையாக வந்தால் அது வேறு. எண் சரியாக யுனிகோடில் இருக்கிறது, வரைவதற்கு அந்தக் கருவியில் தமிழ் ஃபான்ட் இல்லை. விண்டோஸில் லதா, நிர்மலா யுஐ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

மூன்றாவது, பத்திரிகை டிசைன் செய்கிற தம்பிகள் கேட்பது: எழுத்தெல்லாம் தமிழாகவே வருகிறது, ஆனால் கொம்பு தனியாகப் பிரிந்து, பக்கத்தில் புள்ளியால் வரைந்த ஒரு வட்டம் நிற்கிறது, ‘கொ’ என்பது மூன்று துண்டாகிறது. ஃபான்ட்டும் குற்றமில்லை, ஃபைலும் குற்றமில்லை. யுனிகோடில் ‘க’ போன்ற எழுத்தையும் உயிர்க்குறியையும் தனித்தனி எண்ணாகத்தான் எழுதுவோம், அவற்றைச் சேர்த்து, கொம்பை முன்னால் கொண்டுபோய் வைத்து வரைவது மென்பொருளின் வேலை. ஃபோட்டோஷாப்பில் டைப் பிரிஃபரன்ஸில் தெற்காசிய மொழிகளுக்கான விருப்பத்தை, புதிய பதிப்புகளில் வேர்ல்டு ரெடி என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து, ஃபோட்டோஷாப்பை மூடித் திறந்து, புது ஃபைலில் அடித்துப் பாருங்கள். ஏற்கெனவே உடைந்த வரியை அழித்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும்.

“பிரிண்டர் ஆஃப்லைன்னு சொல்லுது”

கேபிளா வைஃபையா என்று முதலில் பாருங்கள். கேபிள் என்றால் கழற்றி வேறு யுஎஸ்பி ஓட்டையில் மாட்டுங்கள். வைஃபை பிரிண்டர் என்றால் லேப்டாப்பும் பிரிண்டரும் ஒரே வைஃபை பெயரில் இருக்க வேண்டும், லேப்டாப் போனின் ஹாட்ஸ்பாட்டிலும் பிரிண்டர் வீட்டு ரவுட்டரிலும் இருந்தால் ஒன்றுக்கொன்று தெரியாது. பல பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிபடும், புது ரவுட்டர் போட்டபின் பிரிண்டர் மட்டும் சேரவில்லை என்றால் ரவுட்டரில் அந்த பேண்ட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் சரி, ஆனாலும் அசையவில்லை என்றால் பழைய பிரிண்ட் ஒன்று கியூவில் சிக்கியிருக்கும், பிரிண்டர் பெயரைத் திறந்து வரிசையில் நிற்பதையெல்லாம் கேன்சல் கொடுத்துவிட்டு இரண்டையும் ரீஸ்டார்ட் செய்து ஒரே ஒரு பக்கம் மட்டும் அனுப்பிப் பாருங்கள்.